உப்புநீரை வைத்துச் செல் சவ்வின் வேலையைப் பார்ப்பது எப்படி?

செல்லின் உள்ளடக்கத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலமான செல் சவ்வின் தடிமன் சுமார் 7 முதல் 8 நானோமீட்டர்தான். ஒளி நுண்ணோக்கியோ ஏறக்குறைய 200 நானோமீட்டருக்கும் கீழே உள்ளதைப் பிரித்துக் காட்டாது. ஆகவே சவ்வை நேரடியாகப் பார்க்க முடியாது. அது வேலை செய்வதைத் தாராளமாகப் பார்க்கலாம். சிவப்பு வெங்காயம், உப்பு, ஸ்லைடு, கவர்ஸ்லிப், நுண்ணோக்கி போதும்.

படி 1: 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரையுங்கள். சர்க்கரைக் கரைசலிலும் செய்யலாம், ஆனால் அது பிசுபிசுப்பாக இருப்பதால் கவர்ஸ்லிப்பின் அடியில் மெதுவாகத்தான் பரவும். என் ஓட்டு உப்புக்கே.

படி 2: பலரும் தடுமாறும் இடம் இதுதான். வெங்காய இதழின் குழிந்த பக்கத்தில் தோல் சுலபமாக உரிந்து வரும், ஆனால் அதில் நிறம் இருக்காது. நமக்கு வேண்டியது புடைத்த பக்கத்துத் தோல். அங்கே பிளேடால் ஆழமில்லாமல் ஒரு சிறு சதுரம் கீறி, ஒரு மூலையை இடுக்கியால் பிடித்துச் சாய்வாக இழுங்கள். கூர்முனை இடுக்கியே நல்லது. தட்டை முனை செல்களை நசுக்கிவிடும். அடியில் சதை ஒட்டி வந்தால் தயங்காமல் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். எடுத்ததை உடனே ஸ்லைடில் உள்ள தண்ணீர்த் துளியில் போட வேண்டும். காய்ந்தால் செல் செத்துவிடும்.

படி 3: கவர்ஸ்லிப் மூடி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கட்டம் கட்டமாக நிறம் நிரம்பியிருக்கும். அந்தக் கோடுகள் செல் சுவர், அதாவது சவ்வுக்கு வெளியே இருக்கும் கெட்டியான உறை. சவ்வு நீரழுத்தத்தால் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. படங்களில் இரண்டும் தனித்தனிக் கோடாக இருப்பதைப் பார்த்துவிட்டு இங்கே தேடாதீர்கள்.

படி 4: கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் உப்புநீர் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து உறிஞ்சுங்கள். ஒரே செல்லின் மேல் கண்ணை வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் மூலைகளிலிருந்து விலகும், அப்புறம் திரண்டு உருண்டையாகும். சுருங்கிய பகுதியின் விளிம்பில்தான் சவ்வு இருக்கிறது.

விலகிய இடம் காலியாக இல்லை, அங்கே உப்புநீர் நிற்கிறது. செல் சுவர் உப்பை உள்ளே விட்டது, சவ்வு விடவில்லை. சவ்வு பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்பு வகை மூலக்கூறுகளால் ஆன இரட்டை அடுக்கு. நீரை விரும்பும் தலைகள் இரு வெளிப்பக்கங்களிலும், கொழுப்பு வால்கள் நடுவிலும் இருக்கும். மின்சுமை கொண்ட உப்பு அயனிகளால் அந்தக் கொழுப்பைச் சுலபமாகக் கடக்க முடியாது. தண்ணீருக்கோ அக்வாபோரின் என்ற புரதத் துளைகள் இருக்கின்றன, அதனால் அது வெளியே உப்புநீருக்குப் போய்விட, செல்லின் உள்ளடக்கம் சுருங்கியது. அந்தத் துளைகளைக் கண்டறிந்த பீட்டர் ஏகருக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

படி 5: இப்போது தண்ணீர் விட்டால் செல் மறுபடி விரியும். முதலில் பாதிச் செறிவு உப்புநீர், பிறகு தண்ணீர் என்று போங்கள். சவ்வு பாய்மம் (திரவம்) போன்றது என்பதை 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற அறிவியலாளர்கள் முன்வைத்தார்கள். ஆனாலும் அதன் பரப்பு சில சதவீதத்துக்கு மேல் இழுபடாது, அவசரப்பட்டால் கிழிந்துவிடும்.

படி 6: இதை விட்டுவிடாதீர்கள். இன்னொரு துண்டை இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள். நிறம் வெளியே கசிந்துவிடும், உப்புநீர் விட்டாலும் உள்ளடக்கம் முன்போலத் திரளாது. சுவர் அப்படியே இருக்க, சவ்வு மட்டும் கெட்டதன் விளைவு இது.

பின்சேர்க்கை: நிறம் சவ்வுக்குள்ளேயா இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை, அது செல்லுக்குள் சாறு நிரம்பிய பையான வாக்குவோலில் இருக்கிறது. வாக்குவோலுக்கும் தனிச் சவ்வு உண்டு. ஆக, நிறத்தைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு சவ்வுகள். வெள்ளை வெங்காயம்தான் கிடைத்தது என்பவர்கள் நுண்ணோக்கியின் ஒளித்திரையை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாஃப்ரம்) கொஞ்சம் மூடுங்கள். வெளிச்சம் குறைந்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும்.