சாயங்கால வகுப்புக்கு எஸ்.எம்.சி.யை எப்படிக் கூட சேர்த்துக்கிறது

ஊர்ல இல்லம் தேடிக் கல்வி மாதிரி ஒரு சாயங்கால வகுப்பு நடத்தணும்னா முதல்ல அரசுப் பள்ளியில இருக்கிற எஸ்.எம்.சி.யைப் பிடிங்க, அதாங்க பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதிப் பேர் பெண்கள், அதனால நம்ம வகுப்புக்கு வர்ற பிள்ளைங்களோட அம்மாக்களே அங்க இருப்பாங்க.

ஆனா போயி "ஒத்துழைப்பு குடுங்க"ன்னு பொதுவா பேசினா டீ குடிச்சிட்டு கிளம்பிடுவாங்க. மூணே கேள்வி கேளுங்க: எந்த இடம், எத்தனை மணி, வராத பிள்ளைய யாரு போய் கூப்பிடுறது. எங்க தெருவுல நாங்களாவே ஆறரைக்கு வகுப்புன்னு வச்சோம், பாதிப் பிள்ளைங்க வரல, ஏன்னு பார்த்தா அப்பதான் தண்ணி வரும், எல்லாம் குடத்தோட பைப்படில நிக்குதுங்க. குழுவுல இருந்த ஒரு அக்காதான் "அஞ்சுக்கு மாத்துங்க தம்பி"ன்னாங்க, மாத்தினோம், அடுத்த வாரம் பாய் பத்தல.

பேசினத தீர்மான நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கிருங்க. லைட்டு, கரும்பலகைன்னு ஸ்கூல் பக்கம் ஆக வேண்டியத பள்ளி வளர்ச்சித் திட்டத்துல சேர்க்கச் சொல்லுங்க, அந்தத் திட்டம் போடுறதே குழுவோட வேலைதான். வாட்ஸ்அப் குரூப்பும் வைங்க, ஆனா போன் இல்லாத வீடு எதுன்னு முதல்லயே கேட்டு, அங்க நேர்ல போய் சொல்ல ஒரு ஆளப் போட்டுருங்க.