நகைச்சுவைப் படத்தில் உறவு வளர்வதை அலசுவது எப்படி?

படத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சிரிக்க மட்டும்; பேனாவைத் தொட வேண்டாம். இரண்டாம் தடவை ஒரே ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு, அவர்கள் சேர்ந்து வரும் காட்சிகளை நேரத்தோடு குறியுங்கள்.

தொடர்பியல் ஆய்வாளர் மார்க் நாப் 1978-இல் முன்வைத்த மாதிரியில் உறவுக்கு 10 படிகள்: நெருங்க 5, விலக 5. அறிமுகம், ஆழம் பார்த்தல், நெருக்கம் கூடுதல், ஒன்றிப்போதல், ஊரறியப் பிணைதல் ஆகியவை முதல் ஐந்து. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படியை எழுதுங்கள். நகைச்சுவைப் படம் படிகளைத் தாண்டிக் குதிக்கும். சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். அறிமுகமான ஐந்தே நிமிடத்தில் ஒருவன் தன் கடன், காதல் தோல்வி எல்லாவற்றையும் கொட்டுகிறான். எதிரே இருப்பவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறாள். அவன் மூன்றாம் படியில், அவள் முதல் படியில். அதனால் இருவருக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். ஒரே பத்தியில் எழுதினால் இந்த இடைவெளி கண்ணில் படாமலே போய்விடும்.

பிறகு முக்கியமான சண்டைக் காட்சியை ஒலியில்லாமல் ஓட்டுங்கள். வாய் "பரவாயில்லை" என்றிருக்கும், கை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். இரண்டும் முரண்பட்டால் உடல்மொழிக்கே கூடுதல் மதிப்பு.

பலரும் சறுக்குவது கதைச்சுருக்கம் எழுதித்தான். 'என்ன நடந்தது' என்ற வாக்கியங்களை அடித்துவிட்டு, 'இந்தப் பேச்சு உறவை எங்கே நகர்த்தியது' என்று எழுதுங்கள்.

குழப்பம் எதனால் வந்தது என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்: பொய்யா, மறைத்ததா, தப்பாகக் கேட்டதா? தப்பாகக் கேட்டது ஒரு விளக்கத்தோடு தீரும். பொய்க்கு மன்னிப்புக் காட்சி தேவைப்படும். படம் அதைக் கொடுத்ததா என்று பாருங்கள்.