ப்ளூ ரே படங்களின் தரத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கிய ப்ளூ ரே டிஸ்க்கைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, “பிக்சர் பளிச்சுனு இல்ல, சவுண்டும் சுமார்தான்” என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். படத்தைப் பளிச்சிட வைப்பது டிஸ்க்கின் வேலையே கிடையாது. படத்தை எடுத்தவர்கள் எப்படி முடித்துக் கொடுத்தார்களோ, அந்தத் தோற்றத்தையும் ஒலியையும் சேதாரமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மங்கலாக எடுக்கப்பட்ட படம் மங்கலாகவே தெரிந்தால் அது நல்ல டிஸ்க். இதை விட்டுவிட்டு மதிப்பெண் போடுவதில்தான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

டிவியைச் சரிபார்க்காமல் டிஸ்க்கைக் குறை சொல்வதை முதலில் சொல்ல வேண்டும். ‘விவிட்’, ‘டைனமிக்’ போன்ற அமைப்புகள் கடை வெளிச்சத்தில் கண்ணை இழுப்பதற்கானவை. அவற்றில் வெள்ளையில் நீலம் ஏறும், முகங்கள் சிவக்கும். படங்களின் நிறத்தை இறுதி செய்பவர்கள் 6500 கெல்வின் அளவிலான வெள்ளையை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். டிவி மெனுவில் பெரும்பாலும் ‘வார்ம்’ என்று இருப்பது அதற்கு அருகில் வரும். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும். இரண்டு மூன்று படம் பார்த்ததும் கண் பழகிவிடும்.

அப்புறம் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். இடையில் இல்லாத ஃபிரேம்களை டிவியே கற்பனை செய்து சொருகும்போது, பெரிய பட்ஜெட் படம்கூட ஸ்டுடியோ வீடியோ போல வழுக்கிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்துவிட்டு “டிரான்ஸ்ஃபர் (ஃபிலிமிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றிய விதம்) சரியில்லை” என்றால் அந்தக் குறை டிஸ்க்கில் இல்லை. ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டினால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், கூடுதல் விவரம் எதுவும் வராது. ஓவர்ஸ்கேன் இயங்கினால் படத்தின் நான்கு ஓரமும் வெட்டுப்படும். இதையெல்லாம் ஒரே தட்டில் அணைப்பதற்காகத்தான் 2019இல் டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பை அறிவித்தது. உங்கள் டிவியில் இருந்தால் அதில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம். கறுப்பு சாம்பலாக வெளிறியிருந்தாலோ, இருட்டில் எல்லாம் மூழ்கிப்போனாலோ, பிளேயரும் டிவியும் எச்டிஎம்ஐ வழியாக கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவுக்கு ஒரே ‘லிமிட்டெட்’ அல்லது ‘ஃபுல்’ அமைப்பில் பேசிக்கொள்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் அதே கோளாறுதான் வரும்.

உட்காரும் தூரமும் கணக்கில் உண்டு. 55 அங்குலத் திரையில் 1080 வரிசைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும், சாதாரணப் பார்வை உள்ளவருக்குச் சுமார் 7 அடி வரைதான் தனியாகப் பிரிந்து தெரியும். அகலத்திலும் உயரத்திலும் இரண்டு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே என்றால் அதில் பாதித் தூரம். பத்தடி தள்ளி சோஃபாவில் இருந்துகொண்டு “4கேக்கும் சாதாரண ப்ளூ ரேக்கும் கூர்மையில் வித்தியாசமே இல்லை” என்று எழுதினால், அந்த சோஃபாவுக்கு அது உண்மை. டிஸ்க்கைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

கிரெயினைக் குறை என்று நினைப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. ஃபிலிமில் எடுத்த படத்தில் பிம்பமே வெள்ளி உப்புத் துகள்களால் உருவானது. அந்தத் துகள்களின் நடுக்கம்தான் கிரெயின். அது பிம்பத்தின் மேல் படிந்த அழுக்கு இல்லை, பிம்பத்தின் உடம்பே அதுதான். மென்பொருளை வைத்து அதைத் துடைத்தால் தோலின் நுண்துளைகள், துணியின் நெசவு, தூரத்துச் செங்கல் எல்லாம் கூடவே போய்விடும்.

2010இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தின் ‘அல்டிமேட் ஹன்டர் எடிஷன்’ இதற்குப் பேர்போன உதாரணம். கிரெயினை அழுத்தித் துடைத்ததில் காட்டுக்குள் வியர்த்து நிற்கும் வீரர்களின் முகங்கள் மெழுகு பொம்மைகள் போல ஆகிவிட்டன. ஆனாலும் “எவ்வளவு சுத்தமா இருக்கு!” என்று அதைப் பாராட்டியவர்களும் உண்டு. 70 மிமீ பிரமாண்டத்துக்குப் பெயர் பெற்ற ‘பேட்டன்’ படத்தின் 2008 டிஸ்க்கும் இப்படித்தான் வழவழப்பாக வந்தது. 2012இல் கிரெயினை விட்டுவைத்துத் திரும்ப வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, புதியதில் கொஞ்சம் ‘புள்ளி’ இருந்தாலும் முகங்களில் உயிர் இருப்பது உடனே தெரியும்.

எல்லாப் புள்ளியும் கிரெயின் இல்லை என்பதும் சரிதான். கிரெயின் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், படம் முழுவதும் பரவியிருக்கும். டிஸ்க்கில் அடைப்பதற்காகச் சுருக்கும்போது நேர்ந்த கோளாறு என்றால் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும், அல்லது வானத்திலும் பனிமூட்டத்திலும் பட்டைபட்டையாக நிறம் உடையும். புகை, மழை, இருண்ட சுவரில் மங்கும் வெளிச்சம் போன்ற இடங்களில்தான் இதைத் தேட வேண்டும். பட்டப்பகலில் எடுத்த குளோஸப்பை வைத்து எந்த டிஸ்க்கையும் சோதித்ததாகச் சொல்ல முடியாது.

மூலத்தைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறு. ‘28 டேஸ் லேட்டர்’ பெரும்பகுதி கேனன் எக்ஸ்எல்1 என்ற, மினிடிவி (MiniDV) டேப்பில் பதியும் வீடியோ கேமராவில் எடுத்த படம். டிவிடிக்கு நிகரான தெளிவுதான் மூலத்திலேயே உண்டு. முடிவுக் காட்சி மட்டும் 35 மிமீ ஃபிலிம், அதனால் அங்கே படம் சட்டென்று தெளியும். டிஸ்க் அந்த மாற்றத்தை அப்படியே காட்டுகிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பழைய படங்களில் ஒரு காட்சி இன்னொன்றில் கரையும்போதும், எழுத்து ஓடும்போதும் படம் திடீரென்று மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் அந்த இடங்களை மட்டும் தனியாக நகலெடுத்து ஒட்டினார்கள், நகலில் தெளிவு குறையத்தான் செய்யும்.

சத்யஜித் ராயின் அபு மூன்று படங்களைப் போல இதை உணர்த்துவது வேறு எதுவும் இல்லை. மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் கருகிவிட்டன. மிஞ்சியவற்றை இத்தாலியின் பொலோனியா நகரில் உள்ள பட்டறையில் மீண்டும் ஈரப்பதம் ஏற்றி, சுருண்டு உடைந்த ஓரங்களைக் கையால் சரிசெய்து, 4கேயில் ஸ்கேன் எடுத்தார்கள். மீட்க முடியாத பகுதிகளுக்கு வேறு நகல்களைப் பயன்படுத்தினார்கள். கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட தொகுப்பில் ஷாட்டுக்கு ஷாட் தெளிவு மாறுவது அதனால்தான். “சில இடங்களில் மங்கல், அரை மார்க் குறைக்கிறேன்” என்று எழுதுபவர், தன் கண் முன்னால் இருப்பது என்ன என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

நிறம், 4கே முத்திரை, பிட்ரேட்

நிறத்தைப் பற்றிப் பேசும்போது “நான் பார்த்த டிவிடியில் இப்படி இல்லையே” என்பது போதுமான ஆதாரம் ஆகாது. டிவிடியும் ஒருவர் தன் மனப்படி நிறம் சேர்த்ததுதான். ஆனால் இயக்குநர் ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்பதாலேயே வழக்கு முடிந்துவிடுவதும் இல்லை. ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்கு 2009இல் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் புதிதாக நிறம் அமைத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2012இல் வேறு நிறத்தோடு இன்னொரு பதிப்பு வந்தது. 1971இல் தியேட்டரில் ஓடிய தோற்றத்துக்கு எது அருகில் என்பதுதான் இங்கே கேள்வி. எது அழகாக இருக்கிறது என்பது வேறு கேள்வி.

அட்டையில் 4கே என்று போட்டிருந்தால் விவரம் நான்கு மடங்கு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2000களிலும் 2010களிலும் கணினியில் முடித்த ஏராளமான படங்களின் இறுதி வடிவமே 2கேதான் (அகலத்தில் 4கேயின் பாதிப் புள்ளிகள்), அதைப் பெரிதாக்கித்தான் டிஸ்க்கில் போடுகிறார்கள். 1962இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 65 மிமீ நெகட்டிவில் எடுத்த படம். அதை 8கேயில் ஸ்கேன் செய்து 4கேயில் புதுப்பித்தார்கள். அதில் இருக்கும் நுணுக்கம் ஐம்பது வருடம் கழித்து வந்த பல படங்களில் இல்லை. 2கே மூலத்திலிருந்து வந்த 4கே டிஸ்க்கால் பயன் இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 8 பிட்டுக்குப் பதிலாக 10 பிட் நிறம், எச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை விரிவாக்கும் முறை), குறைவான சுருக்கம் ஆகிய மூன்றும் தூரத்தில் உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். எச்டிஆர் என்றதும் திரை முழுக்கப் பிரகாசிக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறு. விளக்கின் சுடர், உலோகத்தில் பட்ட வெயில் போன்ற சிறு இடங்களுக்குத்தான் அந்தக் கூடுதல் ஒளி. காட்சியின் மற்ற பகுதி பழைய ப்ளூ ரேயின் அளவிலேயே இருக்கலாம், சில நேரம் அதைவிட இருட்டாகவும் இருக்கலாம்.

பிட்ரேட் (நொடிக்குச் செலவிடும் தரவின் அளவு) எண்ணை மட்டும் பார்த்துத் தரம் சொல்வதில் பொருள் குறைவு. ப்ளூ ரேயில் காட்சிக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. கையால் வரைந்த கார்ட்டூனுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது, கிரெயின் நிறைந்த மழைக்காட்சிக்கு முழுவதும் தேவைப்படலாம். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒப்பிடுவதும் இப்படித்தான். நிறத்தில் உள்ள பெரிய வித்தியாசங்களை அவை காட்டும். அசைவில் கிரெயின் எப்படி இருக்கிறது என்பதை ஒரு நின்ற ஃபிரேமால் காட்ட முடியாது. எச்டிஆர் படத்தைச் சாதாரணப் படமாக மாற்றிப் போட்ட ஸ்கிரீன்ஷாட்டில் நிறத்தைக்கூட நம்ப முடியாது.

ஒலி

டிஸ்க்கில் டால்பி ட்ரூ எச்டியோ டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோவோ (இரண்டும் ஒலியை இழப்பில்லாமல் அடைக்கும் வடிவங்கள்) இருக்கிறது என்பதாலேயே அதைத்தான் கேட்கிறோம் என்று ஆகிவிடாது. ஆப்டிகல் கேபிளில் அது வராது. டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் பழைய ஏஆர்சி (ARC) இணைப்பிலும் வராது, அங்கே ஈஏஆர்சி (eARC) வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பிளேயர் மெனுவில் ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ இயங்கிக்கொண்டிருந்தால், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குத் தரம் இழந்து சுருங்கிய ஒலிதான் போகும். ரிசீவரின் முகப்பில் என்ன பெயர் எரிகிறது என்று பார்த்துவிட்டு விமர்சனத்தை ஆரம்பிப்பது நல்லது.

ட்ரூ எச்டி நல்லதா, டிடிஎஸ் எச்டி நல்லதா என்ற சண்டை பல வருடமாக ஓய்ந்தபாடில்லை. இரண்டும் இழப்பில்லாதவை. ஒரே மாஸ்டரை (மூல ஒலியை) இரண்டிலும் அடைத்தால் திரும்பக் கிடைப்பது ஒரே ஒலி. டால்பியில் வசன அளவைச் சமப்படுத்தும் ஒரு குறிப்பு இருப்பதால் அது சில டெசிபல் தணிந்து கேட்கலாம். காது எப்போதும் சத்தமாக இருப்பதையே ‘கணீர்’ என்று நம்பும். ஆகவே எந்த இரண்டு ஒலியை ஒப்பிட்டாலும் முதலில் வால்யூமைச் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டில் சத்தம் மட்டுமே ஜெயிக்கும்.

“வசனம் கேட்கவே இல்லை, வெடி மட்டும் காதைப் பிளக்குது” என்ற புகாருக்கும் இதே போல ஒரு பின்னணி உண்டு. தியேட்டர் கலவையில் முன்பக்கச் சேனல் ஒவ்வொன்றும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போக இடம் இருக்கிறது, வசனம் அதற்கு மிகக் கீழே இருக்கும். வீட்டில் வெடிக்குப் பயந்து வால்யூமைக் குறைத்தால் வசனமும் சேர்ந்து இறங்கத்தான் செய்யும். குறைந்த அளவில் நம் காதுக்கு பேஸும் சரியாக எட்டாது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் ஐந்து சேனலும் இரண்டில் அடைபடும். நடு ஸ்பீக்கர் ஒழுங்காக இருக்கும் அமைப்பில், கொஞ்சம் தாராளமான வால்யூமில் கேட்ட பிறகும் வசனம் மூழ்கினால்தான் அது கலவையின் குறை. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றால் படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் தாமதம்தான் பெரும்பாலும் காரணம்.

பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் எவ்வளவு பேசுகிறது என்பதை வைத்து மார்க் போடுவதை நிச்சயம் விட்டுவிட வேண்டும். இருவர் பேசும் படத்தில் பின்னால் என்ன கேட்க வேண்டும்? ‘ஜாஸ்’ 1975இல் மோனோவில் (ஒரே சேனலில்) வந்த படம். ப்ளூ ரேயில் எட்டு சேனல் கொண்ட 7.1 கலவையோடு மோனோவும் இருக்கிறது. பலர் மோனோ என்றதும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1958இல் வந்த ‘வெர்டிகோ’ படத்தை 1996இல் புதுப்பித்தபோது காலடிச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கேட்க விரிவாக இருக்கும், ஆனால் ஹிட்ச்காக் காலத்து ஒலி அது இல்லை. பழைய படத்துக்கு எழுதும்போது, மூல ஒலி டிஸ்க்கில் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனம்தான்.

கடைசியாக, பதிப்பைக் குறிப்பிடாமல் எழுதுவது. ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ 2006இல் முதலில் வந்த டிஸ்க் மோசம் என்று எல்லோரும் சொன்னதால், 2007இல் சோனி புதிதாக வெளியிட்டுப் பழையதை மாற்றிக் கொடுத்தது. ‘கிளாடியேட்டர்’ 2009 டிஸ்க்கில் தூசியைத் துடைக்கப் போய்த் தொடக்கப் போரில் பறக்கும் அம்புகள் சிலவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். 2010இல் புதிய டிரான்ஸ்ஃபரோடு திரும்ப வந்தது. படத்தின் பெயரை மட்டும் போட்டு “வாங்கலாம்” என்று எழுதினால், பழைய டிஸ்க்குகள் கையில் மாறிக்கொண்டிருக்கும் சந்தையில் படிப்பவருக்கு எது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நிறுவனம், வருடம், ஒலித்தடங்கள், எந்தத் திரையில் எவ்வளவு தூரத்தில் பார்த்தோம் என்ற நான்கையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும், கீழே இருக்கும் கருத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று படிப்பவரே கணித்துக்கொள்வார்.