நூல் பிடித்தாற்போல் ஓரம் வராதது ஏன்? கேம் (CAM) மென்பொருள் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆத்தங்குடியில் தளக்கல் செய்பவர் ஒருவர், நாங்கள் செய்து கொடுத்த இரும்புச் சட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காரைக்குடிப் பட்டறையில் என் மேசைமேல் வைத்தார். பத்து அங்குலச் சதுரம். கண்ணாடியின்மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றித்தான் அந்தக் கல்லைச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. சட்டம் எப்படியோ கல்லும் அப்படியே.

“அண்ணே, பழைய சட்டத்துக் கல்லும் உங்கள் சட்டத்துக் கல்லும் அடுத்தடுத்த வரிசையில் ஓடுகின்றன. இருபதாவது கல்லில் ஒரு சென்டிமீட்டர் பின்தங்குகிறது” என்றார். அப்படியானால் ஒரு கல்லுக்கு அரை மில்லிமீட்டர். இந்த அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

சட்டத்தின் பட்டைகளை மில்லிங் மெஷினில் ஓட்டியவன் கேம் மென்பொருள் பழகி ஒரு மாதமே ஆன தம்பி. வரைபடத்தைப் பார்த்து மெஷினின் டூல் ஓட வேண்டிய பாதையைக் கணக்கிட்டுத் தருவதுதான் கேம். ரஃப் கட், அதாவது முதலில் மொத்தமாகச் சீவும் வெட்டு, போடும் முறைகளில் மென்பொருள் தானாகவே சுவரில் கொஞ்சம் இரும்பை விட்டுவைக்கும். ‘ஸ்டாக் டு லீவ்’ என்ற கட்டத்தில் 0.5 என்று இருந்திருக்கிறது. அதையும் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ஃபினிஷ் கட்டை மூன்று பட்டைகளுக்குப் போட்டவன் நான்காவதை மறந்துவிட்டான். திரையில் நான்கும் ஒன்றுபோல் பளபளவென்றுதான் தெரிந்தன. ஆகவே முதல் தவறு, மென்பொருள் தானாக நிரப்பிவைத்த எண்களைப் படிக்காமல் ஓகே அழுத்துவது. சிமுலேஷன் படத்தைப் பார்த்து மகிழாமல், அதில் மீதமிருக்கும் இரும்பை நிறம் பிரித்துக் காட்டும் வசதியை இயக்கிப் பாருங்கள்.

விட்டுவைக்கும் அளவிலும் கணக்கு உண்டு. எஃகில் 10 மி.மீ. எண்ட் மில்லுக்கு (பக்கவாட்டிலும் வெட்டும் உருளை டூல்) 0.2 முதல் 0.3 மி.மீ. வரை விட்டால் ஃபினிஷ் கட் ஒழுங்காகச் சீவும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து 0.02 விட்டால், முனை சீவாமல் தேய்க்கும். தேய்த்தால் சூடேறும், டூல் மழுங்கும், ஓரம் மினுமினுக்குமே தவிர அளவு வராது.

அடுத்தது நான் அதிகம் பார்க்கும் தவறு: டூல் வளையும் என்பதை மறப்பது. மென்பொருளுக்கு எண்ட் மில் வளையாத உருளை. நிஜத்தில் அது கோலெட் என்ற பிடியிலிருந்து தொங்கும் கம்பி. வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரட்டிப்பானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். 20 மி.மீ. உயரப் பட்டைக்கு 25 மி.மீ. நீட்டினால் போதும். “பிறகு வேறு வேலைக்கு ஆகும்” என்று 50 மி.மீ. நீட்டி வைப்பார்கள். விளைவு, சுவர் மேலே சரியாகவும் கீழே பருத்தும் சாய்ந்து நிற்கும். மூலைமட்டத்தை வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒரு முனையில் வெளிச்சம் கசியும். ரஃப் கட்டைப் படிப்படியாக இறக்குங்கள். ஃபினிஷ் கட்டை முழு உயரத்துக்கும் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். படிப்படியாக ஓட்டினால் சுவரில் வரிகள் விழும். கடைசியில் அதே பாதையில், எதையும் கூட்டாமல், இன்னொரு முறை ஓட்டினால் வளைந்து விலகியதில் விட்டுப்போன இரும்பும் வந்துவிடும்.

டூல் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. ஓரத்தின் நடுவே நேராகக் குத்தி நுழைந்தால் அங்கே ஒரு சிறு பள்ளம் விழும். நகம் வைத்துத் தடவினால் தட்டுப்படும். திறந்த ஓரம் என்றால் கோட்டை இரண்டு முனையிலும் டூலின் அரைவிட்டத்துக்கு மேல் நீட்டி, காற்றில் தொடங்கிக் காற்றில் முடியுங்கள். சுற்றி மூடிய வடிவம் என்றால் சிறு வில்லாக வளைந்து நுழையும் லீட்-இன் கொடுத்து, நுழைவிடத்தைக் கண்ணில் படாத பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

இப்போது காம்பன்சேஷன். புதியவர்களை இதைவிடக் குழப்புவது வேறொன்றுமில்லை. டூலின் அரைவிட்டத்தைக் கணக்கிட்டுப் பாதையைத் தள்ளி வைப்பது யார், மென்பொருளா மெஷினா? மென்பொருள் மட்டுமே என்றால் மெஷினில் நின்று 0.03 மி.மீ. திருத்த வழியில்லை, ஒவ்வொரு முறையும் கணினிக்கு ஓட வேண்டும். நான் பரிந்துரைப்பது ‘வேர்’ (wear, தேய்மானம்) என்ற முறை. தள்ளுவதை மென்பொருள் செய்துவிடும். மெஷினில் டூலின் திருத்த அளவை இடும் டி ஆஃப்செட் கட்டத்தில் பூஜ்யத்தில் தொடங்கி, அளந்து பார்த்து, வித்தியாசத்தை மட்டும் இடுவோம். இதில் பழக்கதோஷத்தால் டூலின் அரைவிட்டம் 5 என்று அடித்துவிட்டால், இரண்டு பேரும் தள்ளிவிடுவார்கள். ஓரம் 5 மி.மீ. தள்ளிப் போகும். டி கட்டத்தில் அரைவிட்டமா முழுவிட்டமா என்பதும் மெஷினுக்கு மெஷின் மாறும். மெஷினின் காம்பன்சேஷனை இயக்கும் ஜி41 கட்டளை நேர்க்கோட்டு நகர்வில்தான் தொடங்க வேண்டும். வில்லில் தொடங்கினால் பல கண்ட்ரோலர்கள் அலாரம் அடித்து நின்றுவிடும்.

பல் வெட்டும் திசையிலேயே மேசை நகரும் கிளைம்ப் முறையில் வெட்டுவது ஓரத்துக்கு நல்லது என்று மென்பொருளும் அதையே முதலில் தேர்ந்திருக்கும். குண்டுகள்மேல் உருளும், ஆட்டம் குறைந்த பால் ஸ்க்ரூ (ball screw) திருகு உள்ள மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். நம் பக்கத்துப் பட்டறைகளில் பழைய மெஷினுக்கு மோட்டார் பூட்டி, கணினி இயக்கும் சிஎன்சி ஆக்கியவை உண்டு. திருகில் ஆட்டம் இருந்தால் டூல் மேசையை இழுத்துக்கொள்ளும். டயலை (முள்ளால் நுண்ணளவு காட்டும் கருவி) மேசையில் தொட்டு வைத்து, 0.1 இந்தப் பக்கம், 0.1 அந்தப் பக்கம் நகர்த்துங்கள். முள் நகராமல் விழுங்கிய அளவே ஆட்டம். அது அதிகமென்றால் ரஃப் கட்டை அதற்கு எதிர்த்திசையான கன்வென்ஷனல் முறையில் போடுங்கள்.

பட்டையைக் கடித்துப் பிடிக்கும் வைஸின் நிலைத்த தாடையை டயல் வைத்துச் சரிபார்க்காமல் தொடங்கினால், ஓரம் நேராக வரும், ஆனால் எதிர் ஓரத்துக்கு இணையாக வராது. ஆறு அங்குல வைஸில் பத்து அங்குலப் பட்டையைக் கடித்தால் இரு முனையும் தொங்கி அதிரும். அடியில் ஜாக் கொடுங்கள். பட்டைக்கும் அதன் அடியில் வைக்கும் பாரலெல் கட்டைக்கும் நடுவே ஓர் இரும்புச் சுருள் சிக்கியிருந்தாலும் போச்சு. இவை எதுவும் திரையில் தெரியாது. கிளாம்ப் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது, நீங்கள் வரைந்து சொன்னாலொழிய.

வேகத்தைக் குத்துமதிப்பாக இடாதீர்கள். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல், மைல்டு ஸ்டீல், நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் என்றால் 10 மி.மீ. விட்டத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று. நான்கு பல், பல்லுக்கு 0.04 மி.மீ. என்றால் ஃபீடு, அதாவது டூல் முன்னேறும் வேகம், நிமிடத்துக்கு 128 மி.மீ. மி.மீ., அங்குலம் குழப்பமும், பாதையை மெஷினின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் புராசஸர் மெஷினுக்குப் பொருந்தாததும் எல்லாரும் ஒருமுறை படும் பாடு.

முதல் ஓட்டத்தைக் காற்றிலும், அடுத்ததை மரத்திலும் பாருங்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து பர்மாத் தேக்கு வாங்கி வந்துவிடாதீர்கள், பாவம். வேப்பங்கட்டை போதும்.

ஒரே தகட்டில் உட்சதுரம் வெட்டலாமே என்று தம்பி கேட்டான். 10 மி.மீ. எண்ட் மில் உள்மூலையில் 5 மி.மீ. ஆரத்தை விட்டுத்தான் திரும்பும். கல்லின் மூலை உருண்டுபோகும். அதனால் நான்காவது பட்டையை மட்டும் மறுபடி ஓட்டி, சட்டத்தைப் பூட்டினோம். தளக்கல்காரர் குறுக்கே இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தார். கண்ணாடியின்மேல் வைத்து, அடியில் வெளிச்சம் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு உள்ஓரம் நெடுகக் கட்டைவிரலை ஓட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தி, “பிசிறு இருக்கிறது, அரம் கொடுங்கள்” என்றார்.