வேலைக்குப் போன பிள்ளையை வகுப்பில் நிலைக்க வைப்பது எப்படி

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே ஒரு நாள்கூட வருகை இல்லை. வீட்டில் கேட்டால் "மாமா ஊருக்குப் போயிருக்கான்" என்கிறார்கள். பல நேரம் அந்த மாமா ஊர் ஒரு பரோட்டாக் கடையாகவோ, விசைத்தறிக் கூடமாகவோ, செங்கல் சூளையாகவோ இருக்கும். இப்படி நழுவிய பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர ஆசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ மகளிர் குழுப் பெண்களோ பக்கத்து வீட்டுக்காரரோகூடத் தொடங்கலாம். தமிழ்நாட்டில் அதை எப்படிச் செய்வது என்பது இங்கே. மீட்பு ஒரு நாளில் முடிந்துவிடும். பிள்ளை வகுப்பில் தங்குமா என்பது அடுத்த மூன்று மாதத்தில்தான் தெரியும். உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அந்த மூன்று மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

புகாருக்கு முன்

மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: வயது என்ன, என்ன வேலை, வீட்டார் முன்பணம் வாங்கினார்களா. எந்தச் சட்டம், எந்த அலுவலகம் என்பது இந்த மூன்றையும் வைத்தே முடிவாகும்.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், பட்டாசு, வெடிமருந்து போன்ற அபாயத் தொழில்களில் அமர்த்தக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோரை முதல் தடவை தண்டிக்க முடியாது. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போலீஸ் தங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில்தான் பல தாய்மார் பிள்ளை இருக்கும் இடத்தையே மறைக்கிறார்கள்.

"எங்க வீட்டுத் தறிதானே, கூடமாட ஒத்தாசை பண்ணுறான்" என்ற பதில் அடிக்கடி வரும். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே. படிப்பு கெடக் கூடாது. இரவு 7 மணிக்கு மேல் காலை 8 மணிக்குள் வேலை வாங்கக் கூடாது. குடும்பம் என்பதற்கும் வரையறை உண்டு: தாய், தந்தை, உடன்பிறந்தவர், பெற்றோரின் உடன்பிறந்தவர். பக்கத்துத் தெருக்காரர் தறியில் கூலிக்குத் தார் (நூல் குழல்) சுற்றுவது இந்த விலக்கில் வராது. அபாயத் தொழில் என்றால் சொந்த வீட்டாரோடுகூடச் சேர்க்கக் கூடாது.

வயதுக்கு ஆதாரம் முதலிலேயே கையில் இருக்கட்டும். ஆய்வுக் குழு கடைக்குள் நுழைந்ததும் பிள்ளை "பதினஞ்சு முடிஞ்சிருச்சு" என்று சொல்லும். அப்படிச் சொல்லத்தான் பழக்கியிருப்பார்கள். கடைசியாகப் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பிறந்த தேதியைத் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்குங்கள். இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு பள்ளிச் சான்றைத்தான் முதலில் வைக்கிறது. அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. இந்த ஒரு காகிதம் இல்லாமல் கைநழுவிய வழக்குகள் ஏராளம்.

1098-இல் என்ன சொல்வது

1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். கட்டணமில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு கடையில சின்னப் பையன் வேலை பார்க்கிறான்" என்று மட்டும் சொன்னால் குழு வந்து திரும்பிப் போய்விடும். கடைக்கு எதிரே என்ன இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், எந்த ஷிப்டில் இருக்கிறார்கள், இரவு அங்கேயே தங்குகிறார்களா, பின்வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று சொல்லுங்கள். பின்வாசல் முக்கியம். ஜீப் முன்வாசலில் நிற்கும்போதே பிள்ளைகளை அந்த வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். குழந்தைத் தொழிலாளர் புகார்களுக்கான மத்திய அரசின் பென்சில் (PENCIL) இணையதளத்திலும் புகார் பதியலாம். மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது இன்னும் உறுதியானது.

முதலாளியிடம் நீங்களே போய் நியாயம் கேட்காதீர்கள். அன்று இரவே பிள்ளை வேறு ஊருக்குப் போய்விடும்.

மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அன்றே பெற்றோரில் ஒருவர் குடும்ப அட்டை, ஆதார் நகல்களோடு அங்கே இருந்தால் பிள்ளை இல்லத்தில் கிடக்காமல் வீட்டுக்கு வர வாய்ப்பு அதிகம். முதலாளி மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகிறதா என்பதையும் கவனியுங்கள். "நல்ல மனுஷன், இனிமே வைக்கமாட்டார்" என்று பேசி முடித்துவிட்டால் பிள்ளைக்குச் சேர வேண்டிய பணமும் போய்விடும். வசூலாகும் அபராதத்தோடு அரசு 15,000 ரூபாய் சேர்த்து அந்தப் பிள்ளைக்காக வங்கியில் போட வேண்டும் என்பது சட்டம். அபராதமே இல்லையென்றால் அந்த 15,000-மும் இல்லை.

முன்பணம் வாங்கியிருந்தால் கதை வேறு. கிடை ஆடு மேய்க்க, வாத்து மேய்க்க, செங்கல் சூளைக்கு என்று சில ஆயிரங்களுக்கு விடப்பட்ட பிள்ளை கொத்தடிமைத் தொழிலாளி. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது, ஒரு ரூபாயும் திருப்பித் தர வேண்டியதில்லை. இங்கே கோட்டாட்சியரிடம் போக வேண்டும். விசாரணை முடிந்ததும் விடுவிப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சான்றை வைத்துத்தான் 30,000 ரூபாய் வரையான உடனடி உதவி கிடைக்கும். சிறுவர்களுக்கான 2 லட்ச ரூபாய் மறுவாழ்வுத் தொகை பின்னால் வழக்கின் தீர்ப்பைப் பொறுத்து வரும்.

வீட்டுக் கணக்கு

பிள்ளை கொண்டுவந்த பணம் நின்றதும் வீட்டில் எது தடைப்படுகிறது என்று தெரியாமல் படிப்பின் அருமையைப் பேசிப் பயனில்லை. அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் ஒரு வாரத்து வரவு செலவை எழுதுங்கள். அரிசி ரேஷனில் வந்துவிடும். கழுத்தை நெரிப்பது குழுக் கடன் தவணையும் வார வட்டியும் அப்பாவின் மருந்துச் செலவும்தான். வாரத் தவணை 850 ரூபாய், பிள்ளை சனிக்கிழமை கொண்டுவந்தது 900 என்றால் உங்கள் முன்னால் இருப்பது அந்த 850 ரூபாய்ப் பிரச்சினை. தவணையை நீட்டித்துத் தரும்படி குழுவிடம் பேச முடியுமா, விதவை அல்லது மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டிருக்கிறார்களா, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும் நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தேவைப்படும். பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "அடுத்த மாசமே வந்துரும்" என்று வாக்குக் கொடுத்து அது பொய்த்தால், அந்த வீட்டுத் திண்ணையில் உங்களுக்கு மறுபடி இடம் கிடையாது.

பள்ளியில் சேர்க்கும்போது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தில் நான்கு பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 4. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளக் கூடாது என்பது 5. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்பது 15. "ஜூன்ல வாங்க பார்க்கலாம்" என்று தலைமையாசிரியர் சொன்னால் சண்டை வேண்டாம். வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லுங்கள், அல்லது 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணில் கேளுங்கள். ஜனவரியில் வந்த பிள்ளையை ஜூன் வரை காக்க வைத்தால் அது காத்திருக்காது.

மூன்று ஆண்டு பள்ளிப் பக்கமே போகாத 12 வயதுப் பிள்ளையை மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதும் தவறு, அப்படியே ஏழாம் வகுப்பில் விட்டுவிடுவதும் தவறு. பெயர் ஏழாம் வகுப்பில் இருக்க வேண்டும். கூடவே சிறப்புப் பயிற்சி நடக்க வேண்டும். அது குறைந்தது 3 மாதம், தேவையானால் 2 ஆண்டு வரை. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் கேட்டால் பக்கத்தில் எந்தப் பள்ளியில் பயிற்சி மையம் இருக்கிறது, உண்டு உறைவிட மையம் எங்கே என்று சொல்வார். வீட்டாரே மறுபடி வேலைக்கு அனுப்பக்கூடிய நிலை என்றால் உறைவிட மையமே நல்லது. மற்றபடி பிள்ளை வீட்டில் இருந்து படிப்பதுதான் சிறந்தது.

எவ்வளவு தெரியும் என்று பார்க்க அரை மணி போதும். வகுப்பில் எல்லார் முன்னாலும் வைத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். தனியாக, மரத்தடியில், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் எழுத்துகள், பிறகு 'மரம்', 'வீடு' போன்ற சொற்கள், பிறகு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி. எங்கே நாக்கு தடுமாறுகிறதோ அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் இடத்தில்தான் நிற்கும். கணக்கை மட்டும் தாளில் தொடங்காதீர்கள். டீக்கடையில் நின்ற பையனிடம் "டீ பன்னிரண்டு ரூபா, ஏழு டீ. வடை பத்து ரூபா, மூணு வடை. இருநூறு ரூபா கொடுத்தா மீதி எவ்வளவு?" என்று கேளுங்கள். நீங்கள் முடிப்பதற்குள் "எண்பத்தாறு" என்பான். அதையே 200 – 114 என்று எழுதிக் கொடுத்தால் பேந்தப் பேந்த விழிப்பான். அவனுக்குக் கணக்குத் தெரியும், அதன் எழுத்து வடிவம்தான் தெரியாது. கடன்வாங்கிக் கழித்தலை அவன் கல்லாப்பெட்டியில் சில்லறை மாற்றிய விதத்திலிருந்தே சொல்லிக் கொடுக்கலாம். முதல் நாளே "உனக்குத் தெரிஞ்சதுதான் இது" என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட முடிந்தால், பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

முதல் 90 நாள்

முதல் இரண்டு வாரம் பிள்ளை வகுப்பில் தூங்கும். இரவு ஷிப்டில் இருந்த உடம்பு அது, திட்டாமல் விடுங்கள். கண் பரிசோதனையும் ரத்தசோகைப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துவிடுங்கள். தறியில் நூல் பார்த்தே பழகிய பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிவதை, படிப்பு ஏறவில்லை என்று நினைத்துவிடுகிறோம். சீருடை, பாடநூல், பஸ் பாஸ் முதல் வாரமே கைக்கு வரட்டும். மற்ற பிள்ளைகளுக்கு நடுவே சாயம்போன சட்டையோடு ஒரு மாதம் உட்காருவது கொடுமை. "குழந்தைத் தொழிலாளி" என்ற சொல் வகுப்பறையில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

வராத நாளைப் பிடிப்பதுதான் இதில் மிகப் பெரிய வேலை. பதிவேட்டைத் திறந்து பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். திங்கட்கிழமை வராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை எங்கோ கூலிக்குப் போயிருக்கிறான். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஜவுளிக்கடையும் பட்டாசு வேலையும் இழுக்கும். தை முதல் சூளை இழுக்கும். ஒருநாள் வராவிட்டால் அன்று மாலையே ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று நாள் பொறுத்தால் தாமதம்தான். 30 நாள் தொடர்ந்து தகவலின்றி வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் 30 நாளில் பிள்ளை எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ! அந்த விதியை எழுத்துக்கு வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கை ஒரு நாளாக வையுங்கள். யார் போவது என்பதையும் பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். "யாராவது போய்ப் பார்க்கட்டும்" என்றால் யாரும் போகமாட்டார்கள். ஒரு தெருவுக்கு ஒரு மகளிர் குழு உறுப்பினர் போதும்.

14 தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு என்று அதே 4-ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பில் உட்காரவே கூசும் 16 வயதுப் பையன் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகள் அரசு ஐ.டி.ஐ.களிலும் உண்டு.

மிக அதிகமாகப் பிள்ளைகள் நழுவுவது மே மாதத்தில். "லீவுதானே, ரெண்டு மாசம்" என்று தொடங்கிய வேலை ஜூனில் நிற்காது. ஆண்டுத் தேர்வின் கடைசி நாளே அந்தப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, மே மாதத்தில் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போய்வாருங்கள். பள்ளி திறக்கும் நாளில் காலை 9 மணிக்கு வாசலில் நின்று பட்டியலில் டிக் போடுங்கள். 11 மணிக்கு டிக் இல்லாத பெயர் இருந்தால் அந்த வீட்டுக்குக் கிளம்புங்கள்.