பிரிட்டன் பப்பில் தண்ணீருக்குக் காசு வேண்டாம்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பப், ரெஸ்டாரண்ட் போனால் வெறுமனே "வாட்டர்" என்று சொல்லாதீர்கள். "டாப் வாட்டர்" (tap water, குழாய்த் தண்ணீர்) என்றே கேளுங்கள். இல்லையென்றால் பாட்டில் வந்துவிடும், பில்லிலும் ஏறிவிடும். அங்கேயே உட்கார்ந்து குடிக்க மது விற்கும் உரிமம் பெற்ற இடங்கள், வாடிக்கையாளர் கேட்டால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் கட்டாய உரிம நிபந்தனை. ஸ்காட்லாந்திலும் இப்படி விதி உண்டு. குழாய்த் தண்ணீர்தானே என்று தயங்க வேண்டாம், தாராளமாகக் குடிக்கலாம்.

மது உரிமம் இல்லாத காபிக் கடை, டேக்அவே கடைகளை இது கட்டுப்படுத்தாது. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அது அவர்கள் விருப்பம். அப்புறம், எதுவும் வாங்காமல் தண்ணீர் மட்டும் கேட்டால் உரிமை என்று வாதாட முடியாது.