இணையச் சேமிப்பகத்தை லினக்ஸில் மவுண்ட் செய்ய

நெக்ஸ்ட்கிளவுட் போன்ற சேமிப்பகங்களை வெப்டாவ் (இணையம் வழியே கோப்புகளைக் கையாளும் நெறிமுறை) வழியாக உங்கள் கணினியின் ஃபோல்டர் போலவே திறக்கலாம். இப்படி இணைப்பதைத்தான் மவுண்ட் செய்வது என்கிறோம். பிரவுசரில் தெரியும் முகவரி இதற்கு உதவாது. நெக்ஸ்ட்கிளவுடின் கோப்புப் பக்கத்தில், செட்டிங்ஸுக்குள் வெப்டாவ் முகவரி தனியாக இருக்கும், அதை எடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. பாதுகாப்புப் பகுதியில் ஓர் ஆப் பாஸ்வேர்டு உருவாக்கிக்கொள்ளுங்கள்.

எப்போதாவது ஒரு கோப்பு எடுக்க மட்டும்தான் என்றால் க்னோம் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான க்னோம் ஃபைல்ஸ் போதும். கன்ட்ரோல்-எல் அழுத்தி, முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பதில் டி-ஏ-வி-எஸ் என நான்கெழுத்து இட்டு என்டர் தட்டுங்கள். கேடிஇ டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரான டால்பினில் அந்த இடத்தில் 'வெப்டாவ்ஸ்' வர வேண்டும்.

எல்லா நிரல்களுக்கும் அந்த ஃபோல்டர் தெரிய வேண்டுமானால் டேவ்எஃப்எஸ்2 என்ற நிரலை நிறுவுங்கள். உங்கள் பயனரை டேவ்எஃப்எஸ்2 என்ற பெயருள்ள குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'அனுமதி இல்லை' என்று திண்டாடுகிறார்கள். மவுண்ட் விவரங்கள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரே வரி: முகவரி, மவுண்ட் ஆகும் ஃபோல்டர், வகையாக டேவ்எஃப்எஸ், பிறகு 'யூசர்' (சாதாரணப் பயனரும் மவுண்ட் செய்யலாம்), 'நோஆட்டோ' (தானாக மவுண்ட் ஆகாது) என்ற இரண்டு விருப்பங்கள். பாஸ்வேர்டை ஹோமில் உள்ள டேவ்எஃப்எஸ்2 மறைஃபோல்டரின் 'சீக்ரெட்ஸ்' கோப்பில் எழுதி, அனுமதியை 600 (நீங்கள் மட்டும் படிக்க, எழுத) ஆக்குங்கள். மற்றவர் படிக்கும்படி இருந்தால் மவுண்ட் மறுத்துவிடும். அதுவும் சரிதான்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். கோப்பை நகலெடுத்து முடித்ததும் அது சர்வருக்குப் போய்விட்டதாக எண்ணாதீர்கள். டேவ்எஃப்எஸ்2 முதலில் உங்கள் கணினியிலேயே உள்ள தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) எழுதும். கோப்பு மூடப்பட்டு இயல்பாக 10 விநாடி கழித்தே பதிவேற்றத்தைத் தொடங்கும். 2 ஜிபி வீடியோ கண் இமைப்பதற்குள் நகலானதாகத் தெரிந்தாலும், பின்னணியில் வெகுநேரம் ஏறிக்கொண்டிருக்கும். அன்மவுண்ட் கட்டளை அது முடியும்வரை காத்திருக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்து அதை நிறுத்தாதீர்கள், லேப்டாப் மூடியையும் சாத்தாதீர்கள். சர்வர் ஏற்க மறுத்த கோப்பு 'லாஸ்ட்+ஃபவுண்ட்' ஃபோல்டரில் கிடக்கும். காணவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். பெரிய கோப்புகள் மட்டும் 413 பிழையோடு திரும்பினால் சர்வரின் அளவு வரம்பைக் கூட்ட வேண்டும்.

எழுதும்போதே உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை வந்தால், சர்வருக்குப் பூட்டு வசதி (ஒருவர் திருத்தும்போது மற்றவர் எழுதாமல் தடுப்பது) இல்லாதது காரணமாக இருக்கலாம். டேவ்எஃப்எஸ்2-இன் அமைப்புக் கோப்பில் 'யூஸ்_லாக்ஸ்' மதிப்பை 0 ஆக்கி, மறுபடி மவுண்ட் செய்து பாருங்கள். ஆனால் ஒரே கோப்பை இருவர் திருத்தும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார்.